வெண்பொடியும் வெண்புகையும்



இன்று நாம் காணவிருப்பது துத்தநாக ஆக்சைடு என்னும் வெண்பொடி. பெயர் சிலருக்குப் புதிதாயிருக்கலாம், பொருள் புதிதன்று. கொப்புளிப்பான் கண்ட பிள்ளைக்குப் பூசுகிறோமே, இளஞ்சிவப்பான கலமைன் மருந்து, அதில் இது இருக்கிறது. குழந்தையின் தொடையிடுக்கு சிவந்தால் தடவும் களிம்பிலும் உண்டு. சித்த வைத்தியர் நாகத்தைப் புடமிட்டு எடுக்கும் நாக பற்பத்திலும் முதன்மையாக இருப்பது இதுவே. (ஆயுர்வேத நூல்களில் நாகம் என்றால் ஈயம். ஆகவே பெயரை மட்டும் நம்பி மருந்து வாங்குவது ஆபத்து.)

தோட்டத்துப் பிள்ளைகளாகிய நமக்கு இதனோடு இன்னொரு உறவும் உண்டு. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறும் என்று அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். ஆனால் கந்தகம் தனியே மெதுவாகத்தான் வேலை செய்யும். விரைவூட்டும் இரசாயனங்களைச் சேர்க்க வேண்டும். அவற்றைத் தூண்டிவிடுவது துத்தநாக ஆக்சைடு. டயருக்கான கலவையில் 100 பங்கு ரப்பருக்கு 3 முதல் 5 பங்கு வரை இதைச் சேர்ப்பது வழக்கம். நம் நாட்டில் செய்யப்படும் ரப்பர்க் கையுறைகளிலும் இது சிறிதளவு உண்டு. உலகில் உற்பத்தியாகும் துத்தநாக ஆக்சைடில் ஏறத்தாழப் பாதி ரப்பர்த் தொழிலுக்கே போகிறது. டயர் என்றால் கறுப்பு என்று எண்ணுகிறோம். கரித்தூள் சேர்க்கும் வழக்கம் வருமுன் டயர்கள் வெளிறிய நிறத்திலேயே இருந்தன. அதற்கு இந்த வெண்பொடியும் ஒரு காரணம்.

இனி இதன் குணங்களைப் பார்ப்போம். ஒரு துத்தநாக அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. நீரில் பெரும்பாலும் கரையாது. அமிலத்திலும் கரையும், வலுவான காரத்திலும் கரையும். தானாகத் தீப்பற்றாது. சூடாக்கினால் மஞ்சளாகும்; ஆறினால் மீண்டும் வெண்மையாகும். மாணவர்களுக்கு இதைவிட வியப்பூட்டும் சோதனை குறைவு.

இதைத் தயாரிக்கும் முறையைத்தான் நேயர்கள் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்து ஆவியாகும். அந்த ஆவி காற்றுப் பட்டதும் எரிந்து வெண்புகையாகும். அப்புகையைத் துணிப்பைகளில் பிடித்தால் வெண்பொடி கிடைக்கும். 1840-களில் பாரிஸ் நகரில் லெக்ளேர் என்ற வண்ணப்பூச்சுத் தொழில் முதலாளி, ஈய வெள்ளையால் தம் தொழிலாளர்கள் நஞ்சேறி நோயுறுவதைக் கண்டு, அதற்கு மாற்றாக இதைப் பரப்பினார்.

தொழிற்சாலை வேண்டுமென்றே செய்யும் இந்தக் காரியத்தைப் பட்டறைத் தொழிலாளி தெரியாமலே செய்துவிடுகிறார். பெர்மாஸ் ஜெயாவின் வரிசை வீடுகளுக்கு வாசற்கதவும் முன்கூரையும் செய்யும் குழாய்களில் பல, துருப்பிடிக்காதிருக்கத் துத்தநாகம் பூசப்பட்டவை. இரும்பு உருக 1,538 பாகை வேண்டும். அந்த வெப்பத்திற்கு வெகு முன்பே பூச்சு ஆவியாகிவிடும். வெல்டிங் வைக்கும்போது எழும் வெண்புகையும் வெண்பஞ்சு போன்ற துகளும் துத்தநாக ஆக்சைடுதான். தோலில் பூச மருந்தாகும் பொருள், நுண்புகையாய் நுரையீரலுக்குள் போனால் காய்ச்சலைத் தருகிறது.

இது உடனே தெரியாது, அதுதான் சங்கடம். வேலை முடிந்து சில மணி நேரம் சென்றபின், பெரும்பாலும் வீட்டில் இருக்கும்போது, வாயில் உலோகச் சுவை, தொண்டை வறட்சி, குளிர்நடுக்கம், உடல்வலி, காய்ச்சல் எல்லாம் வரும். ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். தொடர்ந்து வேலை செய்தால் உடல் சற்றுப் பழகிக்கொள்ளும். வார விடுமுறையில் அப்பழக்கம் போய்விடும். திங்கட்கிழமை மீண்டும் காய்ச்சல். இதனாலேயே இதற்குத் ‘திங்கட்கிழமைக் காய்ச்சல்’ என்றும் பெயர் வந்தது.

பால் குடித்தால் புகை முறிந்துவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் போவது இரைப்பைக்கு. புகை போனது நுரையீரலுக்கு. பால் குடிப்பதில் தவறில்லை, ஆனால் அதை நம்பிப் புகையில் நிற்பது தவறு. வெல்டிங் வைக்கும் இடத்தில் பூச்சை முன்னதாகத் தேய்த்து எடுத்துவிட வேண்டும். தேய்க்கும்போதும் முகமூடி தேவை. வேலை முடிந்ததும் அந்த இடத்திற்குத் துத்தநாகச் சாயம் அடித்தால் துருவும் பிடிக்காது. புகையை உறிஞ்சும் குழாய் இருந்தால் நல்லது. இல்லையேல் காற்று முதுகுப்புறமோ பக்கவாட்டிலோ வீசும்படி நின்று, தலையைப் புகைக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை நுண்புகையைத் தடுக்காது. நுண்துகள் வடிகட்டும் முகமூடியே வேண்டும்.

காய்ச்சல் வந்தால் இது வெல்டிங் காய்ச்சல்தான் என்று வீட்டிலேயே முடிவு கட்டவும் கூடாது. ஜொகூரில் டெங்கியும் உண்டு. மேலும், காட்மியம் பூசிய பொருளில் எழும் புகையும் முதலில் இதே குறிகளைக் காட்டிப் பின்பு நுரையீரலைக் கெடுத்து உயிரையே வாங்கக்கூடும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போய், அன்று என்ன உலோகத்தில் வேலை செய்தோம் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். மருத்துவருக்கு அது பாதி நோயறிதல்.

இன்னொன்று. துத்தநாக ஆக்சைடு மூட்டையின்மேல் செத்த மீனும் பட்ட மரமும் வரைந்த சின்னம் இருக்கும். நீர்வாழ் உயிர்களுக்கு இது கொடியது என்பது பொருள். 2019 மார்ச்சில், நமக்குக் கிழக்கே பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டதை நாம் அறிவோம். அது வேறு நஞ்சு. ஆனால் நம் பட்டறைக் கால்வாய்களும் அதே ஜொகூர் நீரிணையில்தான் போய்ச் சேர்கின்றன. தரையில் சிந்திய பொடியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடாமல், புழுதி எழாதபடி ஈரத்துணியால் துடைத்து எடுத்து, மூடியுள்ள கலத்தில் தனியே சேர்த்து வைப்பதே முறை.