புதுக்கரை வடிவமைப்பும் இணையக் கணக்கும்

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே தறியை நிறுத்தி அதனை முடிந்துவிடுகிறார். கவனியாது மேலே நெய்தால் குறை துணி நெடுகிலும் ஓடும் என்பதை அவருக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே நெசவாளர், தாம் அரும்பாடுபட்டு அமைத்த புதிய கரைக்கோ முந்திக்கோ உரிமை வேண்டி மனு அனுப்பிய பின்னர், அம்மனு என்னவாயிற்று என்று பாராமலேயே இருந்துவிடுகிறார். இவ்வசிரத்தையால் விளையும் நஷ்டத்தையும், அதனைத் தவிர்க்கும் வழியையும் சிவகிரி வட்டாரத்து அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சட்டத்தை அறிவோம். டிசைன் என்று நாம் வழங்கும் வடிவமைப்பிற்கு, 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புகள் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. கண்ணுக்குப் புலனாகும் உருவம், கோலம், வர்ண அமைப்பு ஆகியவையே இதில் பதிவாகும். நெய்யும் முறை பதிவாகாது. வழிவழியாக நெய்துவரும் கோபுரக் கரையும் ருத்திராட்சக் கரையும் எவர் ஒருவருக்கும் தனி உரிமை ஆகமாட்டா. பதிவு பெற்ற வடிவமைப்பிற்கு 10 ஆண்டுகள் உரிமை உண்டு; அக்காலம் முடியுமுன் விண்ணப்பித்தால் மேலும் 5 ஆண்டுகள் நீடிக்கும். பதிவு அலுவலகம் கொல்கத்தாவில் இருக்கிறது. தனி நபர் செலுத்த வேண்டிய மனுக் கட்டணம் ரூ.1,000 ஆகும்.

முன்னாளில் மனுவைத் தபாலில் சேர்த்துவிட்டு, ரசீதைப் பத்திரப்படுத்திக் காத்திருப்பர். இன்றோ இணையத்தின் வாயிலாகவே மனுச் செய்யலாம். அதற்கு மனுதாரர் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, மின்னஞ்சல் முகவரியும் கைபேசி எண்ணும் கொடுத்து, ஒரு கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ள வேண்டும். வடிவமைப்பின் படங்கள், எதில் புதுமை உள்ளது என்னும் வாசகம், கட்டணம் ஆகியவற்றைச் செலுத்தியதும் மனுவிற்கு ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணைக் கொண்டு மனு எந்நிலையில் உள்ளது என்பதை எந்நேரமும் பார்த்தறியலாம். சுருங்கச் சொன்னால், நமது நாணயச் சங்கத்தின் பாஸ் புத்தகம் போன்றதே இக்கணக்கு. பாஸ் புத்தகம் யார் கையில் இருக்க வேண்டுமோ, அவர் கையில்தான் இதுவும் இருத்தல் வேண்டும்.

மனுவைச் சோதிக்கும் அதிகாரி குறை ஏதும் கண்டால் அறிக்கை அனுப்புவார். படத்தில் துணியோடு வேறு பொருளும் தெரிகிறது, புதுமையைக் குறிக்கும் வாசகம் தெளிவாக இல்லை என்பன போன்ற குறைகள் எளிதில் திருத்தக்கூடியவையே. ஆயினும் மனுச் செய்த தேதியிலிருந்து 6 மாதங்களுக்குள் அவை யாவும் தீர்ந்திருக்க வேண்டும். அவகாசம் கோரினாலும் கூடுதலாக 3 மாதங்களுக்கு மேல் கிடையாது. இக்கெடு அறிக்கை நம் கண்ணில் பட்ட நாளிலிருந்து அன்று, மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். கெடு கடந்தால் மனு கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்.

நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் நேர்ந்ததைக் கூறுகிறேன், பெயர் வேண்டா. அங்கத்தினர் ஒருவர் மாதக்கணக்கில் உழைத்து ஒரு புதுக்கரையை அமைத்தார். அருகிலிருந்த கணினி மையத்தில் மனுவைப் பதிந்து கொடுத்தனர். மையத்தார் தம் மின்னஞ்சலையும் தம் கைபேசி எண்ணையுமே கணக்கில் குறித்துவிட்டனர். “மனு அனுப்பப்பட்டது” என்று காரியதரிசி கூற, நானும் அதனை அப்படியே என் குறிப்பில் எழுதித் திருப்தியடைந்தேன். இடையில் மையம் மூடப்பட்டது. பின்னொரு நாள் மனு எண்ணைக் கொண்டு பார்த்தபோது பத்து மாதங்கள் கடந்திருந்தன. படத்தைத் திருத்தி அனுப்பும்படி வந்த அறிக்கைக்குப் பதில் செல்லாமையால் மனு கைவிடப்பட்டிருந்தது.

“மறுபடியும் மனுப் போடலாமே, ஐயா?” என்று அந்நெசவாளர் கேட்டார். போட வழியில்லை. அதற்குள் அக்கரைச் சேலைகள் கடைகளில் விற்பனையாகியிருந்தன. மனுச் செய்யுமுன் பொதுமக்கள் பார்வைக்கு வந்துவிட்ட வடிவமைப்பு, சட்டத்தின் பார்வையில் புதியது அன்று. அக்கரையை இன்று எவரும் நெய்யலாம். குறிப்பெழுதிய நாளில் நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்நஷ்டம் நேர்ந்திராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே சங்கங்கள் பின்வரும் ஏற்பாடுகளைச் செய்தல் நலம். கணக்கில் மனுதாரரின் சொந்தக் கைபேசி எண்ணோ, சங்கத்தின் எண்ணோ மட்டுமே இடம்பெற வேண்டும். மனு எண், மனுத் தேதி, ஆறு மாதக் கெடு மூன்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி, கெடுவைச் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளை நியமித்து மனுவின் நிலையைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். காரியதரிசி மாறும்போது சாவிக்கொத்துடன் கடவுச்சொல்லும் எழுத்து மூலம் ஒப்படைக்கப்பட வேண்டும். மனு எண் கைக்கு வரும்வரை மாதிரித் துணியை விற்பதும், அதன் படத்தைக் கைபேசி வழியே பலருக்கு அனுப்புவதும் கூடா.

இன்னொன்றும் உண்டு. ஒருவர் தமக்காகவே அமைத்த வடிவமைப்பு அவருக்கே உரியது. கூலி பெற்றுப் பிறருக்காக அமைத்தால் உரிமை அப்பிறரைச் சாரும். எனவே மனு யார் பெயரில் என்பதை நிர்வாகக் கமிட்டி முன்னதாகவே தீர்மானமாக எழுதிவைப்பது பிற்காலச் சச்சரவுகளைத் தவிர்க்கும்.

விவசாய அங்கத்தினர்களும் இது நெசவாளர் காரியம் என்று ஒதுங்கற்க. 2023-ல் வீரவநல்லூர் செடிபுட்டா சேலையும், 2025-ல் நம் அண்டையிலுள்ள புளியங்குடி எலுமிச்சையும் புவிசார் குறியீடு பெற்றன. அது ஊரார் அனைவருக்கும் உரிய பெருமை. எனினும் அக்குறியீட்டைச் சட்டப்படி பயன்படுத்த விரும்பும் விவசாயி, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தம் பெயரையும் பதிந்துகொள்ள வேண்டும். அம்மனுவிற்கும் எண் உண்டு. அதனையும் பின்தொடர்ந்து பார்த்தல் வேண்டும்.

மனுவை அனுப்புவதோடு வேலை முடிவதில்லை. அடுத்த தணிக்கைக்கு வரும்போது, “மனு அனுப்பினீர்களா?” என்று நான் கேட்கப் போவதில்லை. “கடைசியாக எந்தத் தேதியில் பார்த்தீர்கள்?” என்றே கேட்பேன். அங்கத்தினர்களும் தத்தம் சங்கத்தில் அக்கேள்வியை இன்றே கேட்பார்களாக.