புகையை வெளியே விடுவோம்



மழைக்காலம் வந்தால் படப்பையில் கொசுத் தொல்லை. சன்னலைச் சாத்தி, கொசுவர்த்தி ஏற்றிப் படுக்கிறோம். அந்தப் புகை எங்கே போகும்? நம் நுரையீரலுக்குள்தான். ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்கிறது 2003இல் வெளியான ஆய்வு. சிகரெட்டே நுழையாத வீட்டிலும் பிள்ளைகள் இரவெல்லாம் இதைச் சுவாசிக்கிறார்கள். மூடிய அறையில் ஊதுவத்தி, சாம்பிராணிப் புகையும் கெடுதலே.

காசநோயும் காற்றோட்டமில்லாத அறையில்தான் எளிதில் பரவும். அதற்கு மருந்தே இல்லாத 1928இல், டாக்டர் டேவிட் சௌரிமுத்து தாம்பரம் சானடோரியத்தைத் தொடங்கினார். நல்ல காற்றும் ஓய்வும் உணவுமே அன்றைய சிகிச்சை. இன்று மருந்து உண்டு. காற்றின் தேவை மாறவில்லை.

ஆகவே கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை கட்டுவோம். சன்னலுக்கு வலை அடித்துத் திறந்து வைப்போம். சாம்பிராணி போட்டால் புகை வெளியேற வழி விடுவோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மறைக்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்வோம். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அங்கே இலவசம்.

கொசுவலை வாங்க வசதியில்லாதவர்கள் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், ஏற்பாடு செய்கிறோம்.