பிள்ளையின் முதல் ஆமை: வாங்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம் பெரியோர் சொல்லிவந்த பழமொழி. இன்றோ மீன்தொட்டி விற்கும் கடைகளில், உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சை நிற ஆமைக்குஞ்சுகளைக் கண்ட பிள்ளைகள் அவ்விடத்தை விட்டு நகர மறுக்கின்றனர். எங்கள் குழந்தைகள் நலப் பிரிவிற்கு வரும் பெற்றோர் சிலரும், "பிள்ளைக்கு இளைப்பு இருப்பதால் நாய், பூனை வேண்டாம் என்றீர்கள். முடியில்லாத ஆமையை வளர்க்கலாமா, டாக்டர்?" என்று கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆமைக்கு உரோமம் இல்லை; குரைப்பதும் இல்லை. ஆயினும் இதற்கான விடை வீட்டுக்கு வீடு வேறுபடும்.

எந்த வீட்டிற்கு ஆமை வேண்டாம்?

ஆமை, ஓணான், பாம்பு முதலிய ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா என்னும் பாக்டீரியா இயல்பாகவே வாழக்கூடும். ஆமைக்கு அதனால் நோய் வருவதில்லை. ஆகவே பார்வைக்கு நலமாகத் தோன்றும் ஆமையும் கிருமியைப் பரப்பலாம். கழிவின் வழியே வெளியேறும் கிருமி, அதன் ஓட்டிலும் தொட்டி நீரிலும் படிந்து, தொட்ட கையின் மூலம் வாய்க்குச் செல்கிறது.

எனவே 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்த முதியோர், கருவுற்ற தாய்மார், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொள்வோர் ஆகியோருள் ஒருவரேனும் வாழும் வீட்டில் ஆமை வளர்க்க வேண்டாம் என்பதே எங்கள் அறிவுரை. அமெரிக்காவில் ஓட்டின் நீளம் 4 அங்குலத்திற்கும் குறைவான ஆமைகளை விற்பதற்கு 1975 முதல் தடை உள்ளது. சிறு குழந்தைகள் அவற்றை வாயில் வைத்து நோயுற்றதே அதற்குக் காரணம்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாளில் ஆமை வாங்கித் தருவதாகப் பிள்ளைக்கு வாக்களித்த பெற்றோர் உண்டு. அந்த வாக்கை ஒத்திவைக்கச் சொல்வது எங்களுக்கும் எளிதன்று. பிள்ளையிடம் மறைக்காமல், "உன் உடம்பில் எதிர்ப்பு ஆற்றல் திரும்பட்டும், டாக்டர் சரி என்றதும் வாங்குவோம்" என்று சொல்லுங்கள். அதுவரை தொட்டியின் படத்தை அவனே வரையட்டும். ஆமைக்குப் பெயரும் தேர்ந்தெடுக்கட்டும். காத்திருப்பதற்கான காரணம் புரிந்தால் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடப் பொறுமையாக இருப்பர். ஆமை ஏற்கெனவே வீட்டில் இருந்தால், சிகிச்சைக் காலம் முடியும்வரை உறவினர் வீட்டில் விட்டு வையுங்கள்.

எந்த ஆமையை வாங்குவது?

முதலில் சட்டம். நட்சத்திர ஆமை, உடும்பு உள்ளிட்ட நம் நாட்டு உயிரினங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுகின்றன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். "வீட்டிற்கு அதிர்ஷ்டம்" என்று எவரேனும் நட்சத்திர ஆமையைக் கொடுத்தாலும் ஏற்காதீர்கள், வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது, கண்ணுக்குப் பின்னே சிவப்புக் கோடுடைய சிவப்புக்காது ஆமை. வட அமெரிக்காவைச் சேர்ந்த நன்னீர் ஆமை அது. கண்கள் தெளிந்தும் ஓடு உறுதியாகவும் உள்ளதா, மூக்கில் நீர்க்குமிழி இல்லையா, நீரில் ஒருபுறம் சாயாமல் நீந்துகிறதா என்று பாருங்கள். சாய்ந்து நீந்துவது நுரையீரல் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். 4 அங்குலத்தைக் கடந்த ஆமையே வீட்டிற்கு ஏற்றது. ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர் அருகில் உள்ளாரா என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். இந்தக் குஞ்சு 10 முதல் 12 அங்குலம் வரை வளரக்கூடியது. நன்கு பராமரித்தால் 20, 30 ஆண்டுகள் வாழும். இன்று எட்டு வயதில் வாங்கும் பிள்ளை தன் திருமண நாளிலும் அதற்கு இரை போட வேண்டியிருக்கலாம்.

பராமரிப்பு

கடையில் தரும் சிறு நெகிழித் தொட்டி போதாது. ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்திற்கும் ஏறத்தாழ 40 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டி தேவை. நீரை வடிகட்டும் கருவியும், ஆமை நீரை விட்டு முழுமையாக ஏறி உலர்வதற்கு ஒரு மேடையும் வேண்டும். நீரின் வெப்பம் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நலம். சமவெளி ஊர்களில் பெரும்பாலும் இது தானாகவே அமையும்.

வெயில் இல்லாத பிள்ளைக்கு எலும்பு மெலிவது போலவே, புறஊதாக் கதிர் கிடைக்காத ஆமைக்கும் வைட்டமின் டி குறைந்து ஓடு மென்மையாகிறது. சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும். ஆகவே அதற்குரிய விளக்கைப் பொருத்துங்கள். அல்லது நிழலும் நீரும் உள்ள இடத்தில், பெரியவர் ஒருவர் உடனிருக்க, காலை வெயிலில் விடுங்கள். குஞ்சுகளுக்கு நாள்தோறும், வளர்ந்தவற்றுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆமை உணவும் கீரையும் கொடுக்கலாம். கண் இமை வீங்கினால் அது வைட்டமின் ஏ குறைபாடாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கை கழுவும் ஒழுக்கம்

ஆமையையோ தொட்டியையோ தொட்டபின் சோப்பிட்டு 20 நொடி கை கழுவ வேண்டும். முத்தமிடக் கூடாது. சமையலறையில் உலவ விடக் கூடாது. தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல், வீட்டிற்கு வெளியே பெரியவர்களே கழுவ வேண்டும். அந்த நீரைக் கழிப்பறையில் ஊற்றிவிடுங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வயிற்று வலியும் வந்தால், ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், 102 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், ஓயாத வாந்தி, சிறுநீர் குறைதல், சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே அழைத்து வாருங்கள். மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் மட்டும் இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. வீட்டில் ஆமை இருப்பதை மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்கள் சொல்ல மறக்காதீர்கள்.

வளர்க்க இயலாமல் போனால் கோயில் குளத்திலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். அது புண்ணியமன்று. உலகின் மிகத் தீங்கான 100 அயல் உயிரினங்களின் பட்டியலில் சிவப்புக்காது ஆமையும் இடம்பெற்றுள்ளது. நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும். வளர்க்க விரும்பும் வேறொருவரிடமோ வாங்கிய கடையிலோ ஒப்படையுங்கள்.

வாங்கும் முன் ஐயமிருந்தால், அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது எங்களிடம் கேளுங்கள். பிள்ளையையும் உடன் அமர்த்திக்கொண்டு கேளுங்கள். ஆமைக்குப் பொறுப்பேற்கப் போவது அவன்தானே.