நீரின் நலம் கூறும் ஒளிரும் மீன்கள்

மும்பை மாநகரின் கிழக்கு ஓரத்தில், டிராம்பேயில், தானே கடற்கழியை ஒட்டி அமைந்திருப்பது சீத்தா கேம்ப். 1976-ஆம் ஆண்டில் ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட பகுதி இது. தமிழ் பேசும் குடும்பங்களும் இங்குக் கணிசமாக வாழ்கின்றன. மாஹுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், செம்பூர் உர ஆலை, தேவ்நார் குப்பைமேடு ஆகியவை இதன் சுற்றுப்புறத்தில் உள்ளன. மாநகரின் வீட்டுச் சாக்கடை நீரும் இக்கழியைச் சேர்கிறது. இதே கழியில் கோலி மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வலை வீசி வருகின்றனர். பல வகைக் கழிவுகள் ஒருங்கே கலக்கும் இத்தகைய நீரின் நலத்தை எவ்வாறு அளப்பது?

நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன், அமில காரத் தன்மை, எண்ணெய், உலோகங்கள் ஆகியவற்றை அளப்பது வழக்கமான முறை. இச்சோதனைகள் இன்றியமையாதவை. ஆயினும் ஒரு வகை மாசு இவற்றின் பார்வைக்குத் தப்பிவிடுகிறது. உடலின் ஹார்மோன்களைப் போலவே செயல்பட்டு உயிரினங்களை ஏமாற்றும் இரசாயனப் பொருள்களே அவை.

ஹார்மோனைப் போல நடிக்கும் பொருள்கள்

நாளமில்லாச் சுரப்பிகள் உண்டாக்கும் ஹார்மோன்கள் மிகச் சிறிய அளவிலேயே வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் நெறிப்படுத்துகின்றன. எனவே அவற்றைப் போல நடிக்கும் பொருளும் சிறிய அளவிலேயே தீங்கு செய்ய வல்லது. பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் பிஸ்பீனால்-ஏ என்ற பொருளுக்குப் பெண்மை ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜனின் குணம் உண்டு என்பது 1936-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது.

கனடாவில் நடந்த ஒரு சோதனை இதன் தீவிரத்தை உணர்த்தும். கருத்தடை மாத்திரையில் உள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன், 2001 முதல் மூன்று ஆண்டுகள் கோடைதோறும் ஓர் ஆய்வு ஏரியில் கலக்கப்பட்டது. அதன் அளவு லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் வரை. அதாவது நூறு கோடி லிட்டர் நீருக்குச் சுமார் 5 கிராம். பெண் மீன்களின் உடலில் மட்டுமே மிகுதியாகக் காணப்படும் முட்டைக்கரு புரதம், அந்த ஏரியின் ஆண் மீன்களிலும் பெருகிற்று. ஒரு சிறு மீன் இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய அழிந்தே போயிற்று. மருந்து கலப்பதை நிறுத்திய சில ஆண்டுகளுக்குப் பின்னரே அது மீண்டது.

நம் நாட்டின் அனுபவமும் உண்டு. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபான் நெடுங்காலம் வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அப்பகுதிச் சிறுவர்களின் பருவ வளர்ச்சி தாமதமடைந்திருப்பதாக 2003-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று தெரிவித்தது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது 2011-ஆம் ஆண்டில். ஒரு பொருளின் தன்மையை மக்களின் உடல் வழியே அறிவதா, ஆய்வுக்கூடத்திலேயே முன்கூட்டி அறிவதா என்பதே இங்கு எழும் வினா.

மீன் எவ்வாறு விடை கூறுகிறது?

இதற்குத் துணைபுரிவது ஜீப்ரா மீன் என்னும் இரண்டு அங்குல நீளத்திற்கும் குறைவான வரி மீன். இது நம் நாட்டு மீன். கங்கைப் படுகை மீன்களைப் பற்றி பிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் வெளியிட்ட நூலில்தான் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இதன் கரு கண்ணாடி போல் தெளிவானது. உள்ளுறுப்புகள் வெளியிலிருந்தே தெரியும்.

ஈஸ்ட்ரோஜன் பட்டவுடன் இம்மீனின் மூளையில் அரோமடேஸ் என்ற நொதியின் மரபணு விழித்தெழுகிறது. அந்த மரபணுவை இயக்கும் பகுதியுடன், ஜெல்லி மீனிலிருந்து பெறப்பட்ட பச்சை ஒளிப் புரதத்தின் மரபணுவை விஞ்ஞானிகள் இணைத்தனர். இவ்வாறு மரபணு மாற்றப்பட்ட மீனின் கருக்களைச் சோதிக்க வேண்டிய நீரில் நான்கு நாட்கள் வைத்திருப்பர். அந்நீரில் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற பொருள் இருந்தால் கருவின் மூளை பச்சையாக ஒளிரும். அந்த ஒளியை நுண்ணோக்கியின் வழியே படம் பிடித்து அளக்கலாம்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2021-இல் இதனைத் தன் சோதனை நெறிமுறைகளுள் 250-ஆவதாக ஏற்றது. ஆண்மை ஹார்மோனின் செயலை அறிய, ஜப்பானிய மெடாகா மீனைக் கொண்டு செய்யும் சோதனை 2022-இல் ஏற்கப்பட்டது. தைராய்டு தொடர்பான பொருள்களுக்குத் தவளையின் தலைப்பிரட்டை பயன்படுகிறது.

இம்முறையின் சிறப்பு யாதெனில், பொருள்களின் பெயர்ப்பட்டியல் இதற்குத் தேவையில்லை. பத்துப் பொருள்கள் கலந்த நீரிலும் அவற்றின் கூட்டு விளைவை உயிருள்ள கரு வெளிப்படுத்திவிடும். உடலுக்குள் சென்று மாற்றமடைந்த பின்னரே ஹார்மோனாக நடிக்கும் பொருளையும் அது காட்டிக்கொடுக்க இயலும்.

எல்லைகளும் வாய்ப்புகளும்

மீன் ஒளிர்வது எச்சரிக்கை மணியே. இறுதித் தீர்ப்பு அன்று. எந்தப் பொருள் காரணம் என்பதை அது கூறாது. இரசாயனப் பகுப்பாய்வே கூற வேண்டும். மனிதருக்கு இன்ன தீங்கு நேரும் என்றும் அதைக் கொண்டு முடிவு கட்டலாகாது. ஒளிராத நீர் அனைத்தும் தூய நீர் என்று கொள்வதும் தவறு. ஒவ்வொரு மீனும் ஒரு வகை ஹார்மோனின் செயலை மட்டுமே காட்டும்.

ஜீப்ரா மீன் நன்னீரில் வாழ்வது. ஆகவே உவர் நீரிலுள்ள கரிமப் பொருள்களை வடிகட்டிப் பிரித்து, நன்னீரில் கலந்த பின்னரே சோதிக்க வேண்டும். கழியில் கலக்கும் முன்பே, வாய்க்கால்களின் முகப்பில் நீரைச் சேகரிப்பது இன்னும் எளிது. மாசு வரும் வழியும் அதனால் புலப்படும். மரபணு மாற்றிய மீன்களைக் கழியில் விடுதல் கூடாது. நீர்தான் ஆய்வுக்கூடத்திற்கு வர வேண்டும். இத்தகைய உயிரினங்களைக் கையாளுவதற்கு 1989-ஆம் ஆண்டின் விதிகள் நம் நாட்டில் உள்ளன.

நம் ஆய்வுக்கூடங்கள் உரிய தரமுறைப்படி செய்யும் இரசாயனப் பாதுகாப்புச் சோதனைகளின் முடிவுகளை, 2011 முதல் அந்த அமைப்பின் உறுப்பு நாடுகளும் ஏற்று வருகின்றன. ஏற்றுமதித் தொழிலுக்கு இது பயன் தரும். அந்தத் திறமை கழிக்கரை மக்களுக்கும் பயன்பட வேண்டும். அங்கு வலை வீசுவோரும், அம்மீனை வாங்கி உண்போரும், தம் நீரில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருப்பது யாது என அறியும் உரிமை உடையவர்கள். கங்கைப் படுகையின் ஒரு சிறு மீன் அதற்கான எளிய வழியை இன்று காட்டுகிறது.