சர்வரைக் கட்டிக்காக்கவும் கற்பிப்போம்!

புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம் நான்கு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. தமிழக மாவட்டங்களுக்கு நடுவே இருக்கும் காரைக்காலுக்கும் தலைநகருக்கும் இடையே ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவு. ஏனாம் ஆந்திரத்தில், மாஹே கேரளத்தில். இவற்றின் அன்றாட நிர்வாகத்தைப் பிணைப்பதில் கணினி வலையமைப்பின் பங்கு பெரிது. அந்தப் பிணைப்பு அறாமல் காப்பவர் தம் வேலையை எங்கே கற்றார் என்று நாம் கேட்பதில்லை.

காரைக்காலில் 2010 முதல் தேசிய தொழில்நுட்பக் கழகம் செயல்படுகிறது. டெல்டா இளைஞர்களிடம் கணினி ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால், கணினிக் கல்வி என்றாலே நிரல் எழுதுவது என்ற எண்ணம் பொதுவாக நம்மிடம் வேரூன்றிவிட்டது.

டி.என்.எஸ். என்ற பெயர்ச் சேவையை எடுத்துக்கொள்வோம். இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித்தரும் இம்முறை 1983-இல் உருவானது. ஒருமுறை பெற்ற விடையைப் பிற கணினிகள் குறிப்பிட்ட காலம் நினைவில் வைத்திருக்கும். அக்காலம் 86,400 நொடிகள், அதாவது ஒரு நாள் என்றிருக்க, சர்வரைப் புதிய முகவரிக்கு மாற்றினால், பயனர்களில் ஒரு பகுதியினர் மறுநாள் வரை பழைய முகவரிக்கே போய் ஏமாறுவார்கள். அனுபவமுள்ள நிர்வாகி, ஒரு நாள் முன்னதாகவே அதை 300 நொடிகளாகக் குறைத்துவிடுவார். இதைப் படித்தறிவதைவிட ஒருமுறை பட்டறிவதே மனத்தில் நிற்கும்.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்புப் பணியில் நேர்ந்த ஒரு பிழையால் ஃபேஸ்புக்கின் பெயர்ச் சேவை சர்வர்களை எவராலும் எட்ட முடியாமல் போனது. வாட்ஸ்ஆப் உள்பட அதன் சேவைகள் ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கின.

பெயர்ச் சேவைக்குக் குறைந்தது இரண்டு சர்வர்கள் வேண்டும். அவை ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பது பழைய விதி. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் மின்கம்பங்களைச் சாய்த்ததைக் கண்ட டெல்டாவில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒரே அறையில் இரண்டு சர்வர்கள் இருந்தாலும், மின்சாரம் போனால் இரண்டும் போகும்.

சட்டக் கடமையும் உண்டு. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, இணையத் தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் காக்க வேண்டும். கணினிக் கடிகாரங்களும் ஒத்திசைய வேண்டும். கடிகாரங்கள் முரண்பட்டால், எந்தக் கணினியில் முதலில் ஊடுருவல் நிகழ்ந்தது என்பதையே கண்டறிவது கடினம்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கழித்துக்கட்டிய நான்கைந்து கணினிகளும் இலவச லினக்ஸும் போதும். முந்தைய மாலை ஆசிரியர் ஏதேனும் ஒரு சேவையைக் கெடுத்துவைக்கட்டும். மறுநாள் மாணவர் அதைக் கண்டறிந்து, காப்பு நகலிலிருந்து மீட்கட்டும். மதிப்பெண்ணை அதற்கு வழங்கலாம்.