புழுதி போர்த்திய எஞ்சின்

அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையோரம் வண்டியை அரை நாள் நிறுத்தினால் போதும். சீட்டில் விரலால் பேர் எழுதலாம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாகக் கிடந்த கல், இன்று சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் வழியில் புழுதியாகப் பறக்கிறது. சீட்டைத் தட்டிவிட்டுக் கிளம்புகிறவர்கள், அதே புழுதி எஞ்சினிலும் அப்பியிருப்பதைக் குனிந்து பார்ப்பதில்லை.

97.2 சிசி ஸ்ப்ளெண்டருக்கும் 99.7 சிசி எக்ஸ்எல் 100-க்கும் ரேடியேட்டர் கிடையாது. எரிகிற பெட்ரோலில் ஏறக்குறைய கால் பங்குதான் வண்டியை இழுக்கிறது, மிச்சமெல்லாம் சூடு. அதில் பெரும்பகுதி புகையோடு சைலன்சர் வழியே போய்விடும். சிலிண்டரில் தங்கும் சூட்டை வெளியேற்றத்தான் சுற்றிலும் அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள். மெக்கானிக்குகள் ‘ஃபின்ஸ்’ என்பார்கள். ஆக்டிவா மாதிரி ஸ்கூட்டர்களில் கவருக்குள் தனி ஃபேன் உண்டு. ஸ்ப்ளெண்டருக்கும் எக்ஸ்எல்லுக்கும் எதிர்க்காற்றுதான் ஃபேன்.

வண்டி கொதித்தால் எல்லாரும் வெயிலைத்தான் திட்டுகிறார்கள். சித்திரையில் இங்கே 40 டிகிரி தாண்டுவது உண்மைதான். ஆனால் நூறு டிகிரியை எளிதாகத் தாண்டும் சிலிண்டர் ஹெட்டுக்கு, காற்று 30-ஆ 40-ஆ என்பது பெரிய விஷயமல்ல. தகடுகளுக்கு நடுவே கசிந்த ஆயிலும் சுண்ணாம்புத் தூளும் சேர்ந்து இறுகுவதுதான் ஆபத்து. வேர்த்துக் கொட்டுகிறவருக்குக் கம்பளி போர்த்துவது போல அது.

பெரம்பலூர்ப் பக்கம் சோதனை வேறு. செட்டிகுளத்திலிருந்து சின்ன வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு எக்ஸ்எல் மெல்ல மேடு ஏறுகிறது. எஞ்சின் முழுப் பலத்தோடு உழைக்கிறது, காற்றோ வருவதில்லை. கியர் இல்லாத வண்டி என்பதால் கிளட்ச்சும் வழுக்கிச் சூடாகும். ஆக்சிலேட்டரைத் திருகியும் இழுவை குறைந்தால், எஞ்சினில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால், மேற்கொண்டு விரட்டக் கூடாது. சூட்டில் விரிந்த பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டால் ‘சீஸ்’ ஆகிவிட்டது என்பார்கள். ரீபோர் வரை செலவு இழுக்கும்.

எஞ்சின் கொதிக்கும்போது தண்ணீர் ஊற்றவே கூடாது. திடீரெனக் குளிரும் அலுமினியம் கோணலாகலாம், விரிசல் விடலாம். அணைத்து, நிழலில் விட்டாலே போதும். ரயில்வே கேட்டில் காத்திருக்கும்போதும் அணைத்துவிட வேண்டும்; நின்றபடி ஓடும் எஞ்சினுக்குக் காற்றே இல்லை.

ஆயிலும் சூட்டைச் சுமக்கிறது. இந்த வண்டிகளில் இருப்பதே ஒரு லிட்டர் அளவுதான். 200 மில்லி குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. மாதம் ஒருமுறை அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பிரஷ்ஷால் ஃபின்ஸ் இடுக்குகளைத் தேய்த்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸுக்கு விட்டாலும், எஞ்சின் ஆறிய பிறகு அந்த இடுக்குகளில் தண்ணீர் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.