‘டிக்’ வரட்டும், ‘டொம்’ வேண்டாம்!

ஆடி மாதத்தில் கூடுவாஞ்சேரி அம்மன் கோயில் தெருக்களில் மைக்செட் கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். மிக்சர், பாட்டுப் போடும் பெட்டி எல்லாவற்றையும் போட்டுவிட்டு, ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில்தான் போட வேண்டும். விழா முடிந்ததும் முதலில் அணைக்க வேண்டியதும் அதைத்தான். கைதேர்ந்தவர்கள் இந்த வரிசையை மாற்றவே மாட்டார்கள். ஏன் தெரியுமா?

மிக்சரைப் போட்ட நொடியில் அதற்குள் மின்னழுத்தம் சட்டென்று எகிறும். எகிறுவது கொஞ்சம்தான். ஆனால், வருவதையெல்லாம் பெரிதாக்குவதே ஆம்ப்ளிஃபயரின் வேலை. பாட்டு எது, எகிறல் எது என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். ஸ்பீக்கரின் கூம்பு வெடுக்கென்று அசையும். ‘டொம்’ என்று அதிரும். அடி பலமாக இருந்தால் ஸ்பீக்கரே கெட்டுப்போகலாம்.

வீட்டில் இந்த வரிசையை ஸ்மார்ட் பிளக்கிடம் ஒப்படைக்கலாம். அதைச் சுவர் பிளக் பாயிண்டில் செருகி, அதன்மேல் ஆம்ப்ளிஃபயரைச் செருக வேண்டும். போனில் தொட்டதும் வைஃபை வழியாகக் கட்டளை வரும். உள்ளே இருக்கும் கம்பிச்சுருளில் சிறிது மின்சாரம் ஓடும். உடனே அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். தகடு தொட்டதும் 230 வோல்ட் மின்சாரத்துக்கு வழி திறக்கும். ‘டிக்’ என்று கேட்பது அந்தத் தகடுதான்! இதன் பெயர் ரிலே. அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1830களிலேயே செய்துகாட்டிய உத்தி இது.

பாட்டுப் பெட்டிக்கு ஒரு பிளக், ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு பிளக். முதலாவது போட்டுப் பத்து நொடி கழித்து இரண்டாவது. அணைக்கும்போது தலைகீழ். ஒருமுறை சொல்லிவைத்தால் போதும்.

ஆனால், எல்லா செட்டுக்கும் இது ஒத்துவராது. பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். சத்தத்தைக் குறைத்துவிட்டு, சுவர் சுவிட்சை அணையுங்கள். பத்து எண்ணி மறுபடி போடுங்கள். செட் தானாக உயிர்பெற்றால் ஸ்மார்ட் பிளக் வேலை செய்யும். ரிமோட்டுக்காகக் காத்திருந்தால், பிளக் மட்டும் போதாது.

அப்படிக் காத்திருக்கும்போதும் செட் மின்சாரம் குடிக்கும். 10 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 240 வாட்-மணி. 1,000 வாட்-மணி சேர்ந்தால் 1 யூனிட். இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில், அதாவது 60 நாளில், 14.4 யூனிட்! ஸ்மார்ட் பிளக்கை அணைத்துவைத்தால் செட்டின் இந்தச் செலவு நின்றுவிடும்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஐப்பசியில் இடி மின்னல் வரும்போது ஸ்மார்ட் பிளக்கை அணைத்தால் மட்டும் போதாது. தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. மின்னல் அதைத் தாண்டிவிடும். மழை வருமுன்பே பெரியவர்களிடம் பிளக்கைப் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.

இனி உங்களுக்கு ஒரு கணக்கு. வைஃபையைக் கவனித்துக்கொண்டே இருக்க ஸ்மார்ட் பிளக்குக்கும் 1 வாட் வேண்டும் என்று கொள்வோம். காத்திருக்கும்போது 0.5 வாட் மட்டுமே எடுக்கும் செட்டுக்கு அதை மாட்டினால், 60 நாளில் லாபமா, நஷ்டமா? எத்தனை யூனிட்?